பேசும் பெட்டியின் கடிவாளம் யார் கையில்?



மாலை ஆறு மணிக்கு மேல் விருதுநகர் தெப்பக்குளம் பக்கம் ஒரு நடை நடந்து பாருங்கள். பலசரக்குக் கடை, மருந்துக் கடை, மிக்சர் கடை, எண்ணெய்ப் பரோட்டாக் கடை என்று எதைக் கடந்தாலும் ஒரு சிறு பெட்டி பேசிக்கொண்டிருக்கும். "நாற்பத்தைந்து ரூபாய் பெறப்பட்டது", "இருநூற்றுப் பத்து ரூபாய் பெறப்பட்டது" என்று அது சொல்லச் சொல்ல, கல்லாவில் இருப்பவர் தலை நிமிராமலே அடுத்த பொட்டலத்தை மடிக்கிறார். கல்லாவில் காசு விழும் சத்தத்தின் இடத்தை இந்தக் குரல் பிடித்துவிட்டது.

என் கடையிலும் ஒரு பெட்டி உண்டு. அதனால் கிடைத்த வசதியை நான் மறுக்கவில்லை. சில்லறைத் தட்டுப்பாடு குறைந்தது. கள்ள நோட்டுப் பயம் குறைந்தது. ஆனால் சென்ற தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும்.

அன்று நான் சரக்கு விஷயமாகச் சிவகாசி போயிருந்தேன். கல்லாவில் என் தம்பி மகன். இரவு ஏழு மணிக்குப் போன் வந்தது. "பெரியப்பா, பெட்டி பேச மாட்டேங்குது. கூட்டம் நிக்குது. என்ன செய்ய?" பணம் வரும் கணக்கோ என் செல்போனில். நானோ பஸ்ஸில். "பச்சை டிக் காட்டினால் கொடுத்து அனுப்பு" என்று சொல்லிவிட்டேன். இரவு கடை கட்டியபின் வங்கிக் கணக்கையும் நாள் சிட்டையையும் வைத்துச் சரிபார்த்தால் இரண்டு வரவு வரவே இல்லை. மொத்தம் 1,180 ரூபாய். பெட்டி கொடுத்த கம்பெனிக்குப் போன் செய்தால் "நெட்வொர்க் பிரச்சினை சார்" என்று ஒரே பதில். முதல் தேதி ஆனதும் வாடகையை மட்டும் தவறாமல் பிடித்துக்கொண்டார்கள்.

1,180 ரூபாய் போனது பெரிதல்ல. அதில் என் அவசரப் புத்திக்கும் பங்கு உண்டு. என்னை உறுத்தியது வேறு. என் கடையில், என் கல்லாவில், பணம் விழுந்ததா இல்லையா என்பது என் ஆளுக்கே தெரியவில்லை. அதைச் சொல்லும் வாய் எங்கோ ஓர் ஊரில் இருக்கும் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தது. அதன்பிறகுதான் இந்தப் பெட்டியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். தெரிந்துகொண்டதை நம் வணிகர்களோடு பகிர்ந்துகொள்வது கடமை என்று எழுதுகிறேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

திறந்து பார்த்தால் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. மைக்ரோகண்ட்ரோலர் எனப்படும் ஒரு சின்னச் சில்லு, செல்போனில் இருப்பது போன்ற ஒரு மோடம், ஒரு சிம் கார்டு, ஒரு பேட்டரி, ஒரு ஒலிபெருக்கி. அவ்வளவுதான். எண்களுக்கான சொற்கள் பெரும்பாலும் முன்கூட்டியே பதிவு செய்து உள்ளே வைக்கப்பட்டிருக்கும். வெளியிலிருந்து தொகை மட்டும் வரும். பெட்டி சொற்களைக் கோத்துப் பேசிவிடும்.

இதில் வணிகர் மனதில் வாங்க வேண்டியது ஒன்று உண்டு. பணம் வருவதும் பெட்டி பேசுவதும் இரண்டு தனித்தனி வேலைகள். வாடிக்கையாளர் கியூ.ஆர். அட்டையைக் காட்டிப் பணம் அனுப்பினால், அது அவருடைய வங்கியிலிருந்து நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் வழியாக நம் கணக்குக்கு வருகிறது. இது ஒரு பாதை. வந்த செய்தியைப் பெட்டிக் கம்பெனியின் கம்ப்யூட்டர் வாங்கி, செல்போன் கோபுரம் வழியாக நம் மேசைக்கு அனுப்புகிறது. இது இன்னொரு பாதை. இரண்டாவது பாதை அறுந்தால் பணம் வந்தும் பெட்டி ஊமையாக இருக்கும். அந்த நேரத்தில்தான் போலி ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறவன் உள்ளே நுழைகிறான்.

முதல் பாதையும் எப்போதும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 2025 மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும் நாடு முழுவதும் யு.பி.ஐ. தடைப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். முன்பெல்லாம் வங்கி எஸ்.எம்.எஸ். ஒரு சாட்சியாக இருந்தது. ஒரு பெரிய தனியார் வங்கி 2024 ஜூன் முதல் 500 ரூபாய்க்குக் குறைந்த யு.பி.ஐ. வரவுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புவதை நிறுத்திவிட்டது. நம் கடையில் நடக்கும் வியாபாரத்தில் பெரும்பகுதி 500 ரூபாய்க்குக் கீழேதானே! அப்படியானால் சிறு கடைக்காரர் பெட்டியை நம்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வருகிறது.

எல்லாக் கருவிக்கும் ஏன் இன்டர்நெட்?

மைக்ரோகண்ட்ரோலர் நமக்குப் புதிதல்ல. மின்னணுத் தராசு வந்த நாளிலேயே அது நம் கடைக்குள் வந்துவிட்டது. தட்டில் வைத்த சரக்கின் பாரத்தை எண்ணாக மாற்றிக் காட்டுவது அந்தச் சில்லுதான். முத்திரை ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்து முத்திரையிடுகிறார். தராசு யாரையும் கேட்காமல் தன் வேலையைச் செய்கிறது. கம்பெனி மூடினாலும் எடை மாறாது.

2014-ஆம் ஆண்டு வாக்கில் நிலைமை மாறத் தொடங்கியது. ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் என்ற நிறுவனம் ஈ.எஸ்.பி. 8266 என்ற சில்லை வெளியிட்டது. மைக்ரோகண்ட்ரோலரும் வைஃபையும் ஒரே சில்லில். சில நூறு ரூபாய்க்குள் எந்தக் கருவியையும் இன்டர்நெட்டில் இணைத்துவிடலாம் என்றானது. அதனால்தான் இன்று விளக்கு, மின்விசிறி, கேமரா, குளிர்பெட்டி எல்லாம் நெட் வசதியோடு வருகின்றன. இணைப்பது மலிவாகிவிட்டது. இணைத்ததை ஆண்டுக்கணக்கில் பராமரிப்பதுதான் செலவு. அந்தச் செலவை யார், எத்தனை காலம் ஏற்பார்கள் என்று விற்கும்போது யாரும் சொல்வதில்லை.

நியாயவிலைக் கடைகளில் விற்பனைக் கருவியையும் எடைத் தராசையும் புளூடூத் மூலம் இணைத்திருக்கிறார்கள். சரியான எடை வைத்தால்தான் பில் வரும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் இணைப்பு தாமதமானால் வரிசை நீளும் என்ற குறையும் உடனே எழுந்தது. நாளை நம் தராசுக்கும் இப்படி ஓர் இணைப்பு வரலாம். வரட்டும். ஆனால் இணைப்பு அறுந்தாலும் தராசு தராசாக நிற்க வேண்டும்.

கேமரா விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. 2016 அக்டோபரில் மிராய் என்ற வைரஸ், தயாரித்தபோது போட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் வசப்படுத்தி, அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்களை முடக்கியது. கேமராவின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் கருவி யாருக்கோ வேலை செய்தது தெரியவே இல்லை. உங்கள் கடை சி.சி.டி.வி.க்குப் பொருத்தியவர் போட்ட கடவுச்சொல் இன்னும் இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

மறுமுனையில் இருப்பவர் நின்றுவிட்டால்?

இணைக்கப்பட்ட கருவிக்கு இரண்டு முனைகள். ஒன்று நம் மேசையில், மற்றொன்று கம்பெனியில். நம் முனையை நாம் துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம். மறுமுனை நம் வசத்தில் இல்லை.

அமெரிக்காவில் ரிவால்வ் என்ற பெயரில் வீட்டுக் கருவிகளை இணைக்கும் பெட்டி ஒன்றை 300 டாலருக்கு விற்றார்கள். கூகுள் குழுமத்தைச் சேர்ந்த நெஸ்ட் நிறுவனம் 2014-இல் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2016 மே மாதம் அதன் சேவையை நிறுத்தியது. பெட்டி பழுதாகவில்லை. மறுமுனை நின்றது, வாங்கியவர் கையில் வெறும் பிளாஸ்டிக் மிஞ்சியது. 2022 பிப்ரவரியில் அங்கே ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 3ஜி சேவையை மூடியபோது, அதை நம்பியிருந்த பழைய அலாரக் கருவிகளை மாற்ற வேண்டி வந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2024 ஜனவரி 31 அன்று ரிசர்வ் வங்கி பேடிஎம் பேமென்ட்ஸ் பேங்க் மீது கட்டுப்பாடு விதித்தது. முதலில் பிப்ரவரி 29 என்றும், பிறகு மார்ச் 15 என்றும் கெடு வைத்தது. வேறு வங்கிக் கணக்கோடு இணைத்திருந்த கடைகளுக்குத் தொல்லை இல்லை. அந்த வங்கியிலேயே கணக்கு வைத்து வரவு வாங்கிய கடைகள் கெடுவுக்குள் வேறு வங்கிக்கு மாற வேண்டியிருந்தது. பெட்டி ஓயாது என்று கம்பெனி அறிவித்தது. வேறு வங்கியோடு ஏற்பாடும் செய்துகொண்டது. ஆனாலும் அந்த ஆறு வாரம், தன் பெட்டியின் பின்னால் இருப்பது எந்த வங்கி என்றே தெரியாமல் எத்தனை கடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் விசாரித்தார்கள்! தன் பணம் போகும் வழி தனக்கே தெரியாமல் வியாபாரம் செய்யலாமா?

வாடகைக் கணக்கு

யு.பி.ஐ. வரவுக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் வணிகரிடம் எம்.டி.ஆர். என்ற கழிவு வசூலிக்கக் கூடாது என்பது அரசு முடிவு. ஆகவே கம்பெனிகள் வேறு வழியில் சம்பாதிக்கின்றன. ஒரு வழி பெட்டி வாடகை. இன்னொரு வழி, நம் தினசரி வரவைப் பார்த்து நமக்கே கடன் கொடுத்து, அன்றாட வரவிலேயே தவணையைப் பிடித்துக்கொள்வது.

மாத வாடகை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 118. ஆண்டுக்கு 1,416 ரூபாய். பலசரக்கில் கைக்கு நிற்பது ரூபாய்க்கு 3 காசு என்று கணக்கிட்டால், இந்த வாடகையைக் கட்டவே ஆண்டுக்கு 47,200 ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும். மூன்று ஆண்டில் கட்டிய 4,248 ரூபாய்க்குப் பிறகும் பெட்டி நமக்குச் சொந்தமாகாது. கம்பெனியை மாற்றினால் பெட்டியையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தப் பெட்டி அந்தக் கம்பெனிக்கு மட்டுமே பேசும். அதனால்தான் சில கடைகளில் ஒரே மேசையில் மூன்று பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன.

சிலர் சொல்வார்கள்: "ஆயிரம் ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா? ஒரு நாள் மின்தடைக்கு ஜெனரேட்டர் வைத்தால் அதைவிட ஆகும்." நியாயமான கேள்விதான். வாடகை கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வேலை செய்கிறவனுக்குக் கூலி உண்டு. சில வங்கிகள் வாடகை இல்லாமலும் தருகின்றன. என் ஆட்சேபணை பூட்டைப் பற்றியது. மாறிப் போக வழி இல்லாத இடத்தில் இன்று 100 ரூபாய் நாளை 200 ஆனால் கேட்க நாதி இருக்காது.

வேறு சிலர், "தூக்கிப் போடு, ரொக்கம் மட்டும் வாங்கு" என்பார்கள். அதுவும் சரியல்ல. விருதுநகர் வணிகர் செய்தித் தொடர்புக்குப் பயந்தவர் அல்லர். பருப்பும் மல்லியும் வற்றலும் எண்ணெயும் இங்கே என்ன விலை என்று மற்ற ஊர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வது இன்றும் வழக்கம். தந்தியிலும் டிரங்க் காலிலும் விலை கேட்டு விலை சொல்லி வளர்ந்த சந்தை இது. தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றது. அன்று எந்தக் கடையின் தராசும் நிற்கவில்லை, கல்லாவும் பூட்டிக்கொள்ளவில்லை. தந்தி செய்தியைக் கொண்டுவந்ததே தவிர, கடைக்குள் உட்கார்ந்து கடையின் கருவியாகவில்லை. இன்றைய பெட்டிகள் அப்படி உட்காருகின்றன. அதனால்தான் முன்யோசனை வேண்டும்.

பட்டாசுக் கடை வைப்போர் கவனத்திற்கு

நம் பகுதிக்கே உரிய ஒரு விஷயம். தீபாவளிக்குத் தற்காலிக உரிமம் வாங்கிப் பட்டாசுக் கடை போடும் பலசரக்கு வியாபாரிகள் நம்மில் பலர். 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள், தற்காலிகக் கடையில் எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு, திறந்த தீ கூடாது என்கின்றன. மின்விளக்கு சுவரிலோ கூரையிலோ பொருத்தப்பட வேண்டும். வயரில் தொங்கக் கூடாது. சுவிட்சும் சுவரில் உறுதியாக இருக்க வேண்டும். இவ்வளவு கவனமாக விளக்கைப் பொருத்திவிட்டு, பேசும் பெட்டியை மட்டும் ஒரு நீட்டிப்பு வயரில் மாட்டிக் கம்பி மத்தாப்புப் பெட்டியின் மேல் வைத்துச் சார்ஜ் ஏற்றுவது என்ன நியாயம்? அதற்குள் இருப்பதும் லித்தியம் பேட்டரிதான். வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக் கொண்டுவாருங்கள். சரக்கை விட்டு விலகிய பில் மேசையில் வையுங்கள். கடை கட்டும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

வாங்குமுன் கேட்க வேண்டிய ஐந்து

பெட்டியானாலும், தராசானாலும், கேமராவானாலும், நெட் இணைப்புள்ள எந்தக் கருவி கடைக்குள் வந்தாலும் இந்த ஐந்தையும் கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள்.

1. இணைப்பு அறுந்தால் இதில் எது வேலை செய்யும், எது நிற்கும்?

2. கருவி யாருக்குச் சொந்தம்? வேண்டாம் என்று சொன்ன எத்தனை நாளில் வாடகை நிற்கும்?

3. வேறு வங்கிக்கோ வேறு கம்பெனிக்கோ மாறினால் இதே கருவி உதவுமா?

4. எத்தனை ஆண்டு சேவைக்குப் பொறுப்பு? பழுதானால் உள்ளூரில் மாற்றுப் பெட்டி கிடைக்குமா?

5. நம் வரவு விவரம் யார் யார் கையில் போகும்? கடன் கொடுக்கவும் விளம்பரத்துக்கும் அதைப் பயன்படுத்துவார்களா?

இதோடு கடையில் ஓர் ஏற்பாடும் வேண்டும். பெட்டி ஊமையானால் என்ன செய்வது என்று கல்லாவில் இருப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நான் இப்போது கடையிலேயே ஒரு செல்போன் வைத்து, வரவை மட்டும் பார்க்கும்படி செய்திருக்கிறேன். பணம் எடுக்கும் வசதி அதில் இல்லை. பெட்டி பேசாவிட்டால் தம்பி மகன் அதைப் பார்க்கிறான். அதிலும் தெரியாவிட்டால் ரொக்கம், அல்லது பழகிய முகமானால் பற்று எழுதுவது. வாடிக்கையாளர் செல்போனில் காட்டும் பச்சை டிக்கை இப்போது கணக்கில் எடுப்பதில்லை.

சங்கம் செய்ய வேண்டியது

தனி ஒரு கடைக்காரர் இந்த ஐந்து கேள்வியைக் கேட்டால் ஏஜென்ட் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஐந்நூறு கடைகள் சேர்ந்து கேட்டால் அவருடைய மேலாளரே ஊருக்கு வருவார். இது நமக்குத் தெரியாத வித்தையா? வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்துவைத்துப் பொதுக் காரியம் செய்த ஊர் இது. 1889-இல் தொடங்கிய க்ஷத்ரிய வித்யாசாலா பள்ளிக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்துவைத்தார்கள். அந்தப் பள்ளியில்தான் பெருந்தலைவர் காமராஜர் படித்தார். ஒரு பிடியாக இருந்தபோது அது வெறும் அரிசி. ஊர் முழுக்கச் சேர்ந்தபோது பள்ளிக்கூடம்.

அதே முறையில் சங்கம் மூன்று காரியம் செய்யலாம். ஒன்று, உறுப்பினர் அனைவருக்கும் ஒரே வாடகை, ஒரே நிபந்தனை என்று கம்பெனிகளோடும் வங்கிகளோடும் பேசி எழுத்தில் வாங்குவது. இரண்டு, பழுதான பெட்டிக்கு உடனே மாற்றுக் கொடுக்கச் சங்க அலுவலகத்தில் சில உபரிப் பெட்டிகளை வைக்கச் சொல்வது. மூன்றாவதுதான் முக்கியம்: பெட்டியைப் பொதுவாக்கக் கோருவது.

இது நடக்காத காரியமல்ல. 2011 ஜனவரியில் செல்போன் எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி நாடு முழுவதும் வந்தது. 2020 அக்டோபரில் ரிசர்வ் வங்கி, தனக்கு மட்டும் வேலை செய்யும் கியூ.ஆர். அட்டையை எந்தக் கம்பெனியும் புதிதாக வெளியிடக் கூடாது என்றும், பழைய அட்டைகளை 2022 மார்ச் 31-க்குள் பொதுவாக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. அதனால்தான் இன்று எந்தச் செயலி வைத்திருப்பவரும் நம் ஒரே அட்டையில் பணம் செலுத்த முடிகிறது. அட்டை பொதுவாகலாம் என்றால் பெட்டி ஏன் பொதுவாகக் கூடாது? பணம் கொடுத்து நாம் வாங்கிய பெட்டி, நாம் சொல்லும் வங்கியின் வரவைச் சொல்ல வேண்டும். மே 5 வணிகர் தினத்தன்று நம் மாவட்டத்திலிருந்து போகும் தீர்மானங்களில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும். பேரவை வழியாக ரிசர்வ் வங்கிக்கும் போகட்டும்.

கருவிகள் வரத்தான் போகின்றன. இன்று பெட்டி, நாளை தராசு, அடுத்து குளிர்பெட்டி. வருகிறவற்றைக் கதவடைத்துத் தடுக்க முடியாது; தடுக்கவும் வேண்டாம். வண்டி எவ்வளவு நல்ல வண்டியானாலும் கடிவாளம் சொந்தக்காரன் கையில் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பெட்டியின் ஒப்பந்தத்தை எடுத்து வாருங்கள். பல பேரிடம் அது இருக்காது. பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.